டிரைவர்ஸ்டோர் எக்ஸ்ப்ளோரர்: போக மறுக்கும் பழைய டிரைவர்களுக்கு

கிராபிக்ஸ் கார்டுக்குப் புது டிரைவர் (ஒரு சாதனத்தை விண்டோஸில் இயங்கவைக்கும் மென்பொருள்) போட்டால் பழையது தானாகப் போய்விடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் போவதில்லை. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே, எந்த டிரைவரைப் போட்டாலும் அதன் முழு பேக்கேஜும் சிஸ்டம்32-க்குள் உள்ள டிரைவர்ஸ்டோரில், ஃபைல் ரெபாசிட்டரி என்ற ஃபோல்டரில் ஒரு காப்பியாகத் தங்கிவிடுகிறது. என்விடியா டிரைவர் ஒரு வெர்ஷனே 1 ஜிபிக்கு மேல் பிடிக்கும். 256 ஜிபி எஸ்எஸ்டியில் அப்படி நாலைந்து சேர்ந்தால் கணிசமான இழப்பு. இடம்கூடப் போகட்டும். டிவைஸ் மேனேஜரில் அன்இன்ஸ்டால் செய்த கோளாறு பிடித்த டிரைவர், ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடி வந்து ஒட்டிக்கொள்வதும் இங்கிருந்துதான்.

அந்த ஃபோல்டருக்குள் புகுந்து கையால் மட்டும் டெலீட் செய்யாதீர்கள். ஃபைல் போகும், விண்டோஸ் வைத்திருக்கும் பதிவு போகாது. பிறகு அந்தச் சாதனத்துக்கு எந்த டிரைவரைப் போட்டாலும் தகராறு வரலாம்.

இதற்கென்றே உள்ள இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்தான் டிரைவர்ஸ்டோர் எக்ஸ்ப்ளோரர். கிட்ஹப்பில் ஜிப் ஃபைலாகக் கிடைக்கிறது. இன்ஸ்டால் செய்யும் வேலை இல்லை. ஜிப்பைப் பிரித்து அட்மின் உரிமையோடு இயக்கினால் போதும். தயாரிப்பாளர், வெர்ஷன், தேதி, அளவு, எந்தச் சாதனத்துக்கு என்ற விவரங்களோடு எல்லா டிரைவரும் வரிசையாக வந்துவிடும். அளவு என்ற தலைப்பைக் கிளிக் செய்யுங்கள். இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எது என்று உடனே தெரிந்துவிடும். விண்டோஸிலேயே இருக்கும் பிஎன்பியூட்டில் கட்டளையாலும் அழிக்கலாம், ஆனால் அது அளவைக் காட்டாது. இந்த ஒன்றுக்காகவே இதைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம்.

'செலக்ட் ஓல்ட் டிரைவர்ஸ்' பட்டனை அழுத்தினால் பழைய வெர்ஷன்களை அதுவே டிக் செய்துவிடும். அப்படியே டெலீட்டுக்குப் போகாமல் பட்டியலை ஒருமுறை கண்ணால் பாருங்கள். பழைய வெர்ஷனில்தான் ஸ்கேனர் ஒழுங்காக வேலை செய்கிறது என்றால் அதன் டிக்கை எடுத்துவிடுங்கள். ரீஸ்டோர் பாயின்ட் (சிக்கல் வந்தால் சிஸ்டத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுபோக உதவும் பதிவு) ஒன்று உருவாக்கி, அழிக்கப்போகும் பேக்கேஜை எக்ஸ்போர்ட் செய்து வேறு டிரைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வலுக்கட்டாயமாக அழிக்கும் 'ஃபோர்ஸ் டெலிஷன்' என்ற டிக் பெட்டியில்தான் ஆபத்து இருக்கிறது. ஒரு டிரைவர் அழிய மறுத்தால், ஏதோ ஒரு சாதனம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவுக்குப் போய் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' கொடுங்கள். எப்போதோ கழற்றிய வைஃபை டாங்கிள், பழைய வெப்கேம் எல்லாம் மங்கலாகத் தெரியும். அந்தச் சாதனத்தை அங்கே அன்இன்ஸ்டால் செய்துவிட்டுத் திரும்பி வந்தால் ஃபோர்ஸ் தேவைப்படாது. இன்டெல் ஆர்எஸ்டி, விஎம்டி போன்ற ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் (டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பகுதி) டிரைவர் பயன்பாட்டில் இருந்தால் அதன் பக்கமே போகாதீர்கள். ஃபோர்ஸில் அழித்தால் நீலத் திரையோடு கம்ப்யூட்டர் பூட் ஆகாமல் நின்றுவிடலாம்.

பிரின்டர் டிரைவர்தான் இந்த மென்பொருளின் பலவீனம். அதைப் பிடித்துக்கொண்டிருப்பது பிரின்ட் வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் பிரின்ட் ஸ்பூலர் சர்வீஸ், ஆனால் அதை இங்கிருந்து விடுவிக்க வழியில்லை. முதலில் செட்டிங்ஸில் பிரின்டரை நீக்குங்கள். சர்வீசஸ் பட்டியலில் பிரின்ட் ஸ்பூலரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். உடனே, வேறு எதையும் பிரின்ட் கொடுப்பதற்கு முன், பிரின்ட் சர்வர் ப்ராபர்டீஸில் டிரைவர்ஸ் டேபுக்குப் போய் 'ரிமூவ் டிரைவர் அண்ட் டிரைவர் பேக்கேஜ்' கொடுங்கள். தாமதித்தால் ஸ்பூலர் அதை மறுபடி ஏற்றிக்கொள்ளும், 'டிரைவர் இஸ் இன் யூஸ்' என்ற அதே செய்திதான் வரும்.

அழித்த பிறகும் பழைய டிரைவர் வந்தால் விண்டோஸ் அப்டேட்டைச் சந்தேகியுங்கள். நெட்டைத் துண்டித்துவிட்டு அந்த டிரைவரை அழித்துவிடுங்கள், உங்களுக்கு வேண்டிய வெர்ஷனைப் போடுங்கள், அதற்குப் பிறகு நெட்டை இணையுங்கள். விண்டோஸ் ப்ரோ பதிப்பு என்றால் குரூப் பாலிசி என்ற விதிமுறை அமைப்பில் அப்டேட்டோடு டிரைவர் வராதபடி நிறுத்தவும் முடியும்.

சி டிரைவில் என்விடியா, ஏஎம்டி என்ற பெயரில் இருக்கும் ஃபோல்டர்களை இந்த மென்பொருள் தொடாது. அவை இன்ஸ்டாலர் பிரித்துப்போட்ட மிச்சம். டிரைவர் ஏறி முடிந்த பிறகு கையாலேயே அழிக்கலாம்.