வியன்னா மோல்ட்: மில்லில் மிளகாய், போத்தலில் பாண் வாசம்

மெல்பேர்னில் இருந்து வந்த மச்சான் இந்த முறை சொக்லேட்டுக்குப் பதிலாக 5 கிலோ வியன்னா மோல்ட்டை, அதாவது பியர் காய்ச்ச முளைக்கவைத்து உலர்த்திய பார்லியை, தூக்கிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்தார். இதுவரை நான் காய்ச்சிய பியர் எல்லாம் வெளிர் நிறப் பேல் மோல்ட்டில்தான், வியன்னா என்றால் நிறத்துக்காக அரைக் கிலோ சேர்ப்பது என்றே நினைத்திருந்தேன். "முழுக்க இதையே போடும், வேறொண்டும் கலக்காதையும்" என்றார் மச்சான். சரி, 15 லீற்றருக்கு 3.5 கிலோ, முழுக்க வியன்னா.

என்னிடம் மோல்ட் உடைக்கிற மெஷின் இல்லை. பக்கத்து மில்லுக்குக் கொண்டுபோய் "ரவையை விடப் பெரிசா, உமி கிழியாம உடைச்சாப் போதும் அண்ணை" என்று இரண்டு தரம் சொன்னேன். "என்ன தம்பி, குரக்கனோ?" என்று கேட்டுக்கொண்டே, மிளகாய் அரைத்த கையோடு அதே கல்லில் போட்டு, இடியப்ப மாவாக்கித் தந்துவிட்டார். பிழை பாதி என்னுடையது, பக்கத்தில் நிற்காமல் தேத்தண்ணி குடிக்கப் போனேன். உமிதான் வடிகட்டி, அது மாவானால் கிடாரத்தில் கூழ்தான். 66 பாகையில் ஊறவைத்ததை வேட்டித் துணியில் பிழிந்து எடுக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது.

மோல்ட்டைக் குறை சொல்ல முடியாது. பேல் மோல்ட்டை விடக் கொஞ்சம் கூடின சூட்டில் உலர்த்துவதால் நிறமும் வாசமும் ஏறுகிறது, ஆனாலும் மாச்சத்தைச் சீனியாக்கும் நொதியம் தன் தேவைக்குப் போதுமான அளவு மிஞ்சுகிறது. எனக்கு நம்பிக்கையில்லாமல் 90 நிமிடம் விட்டேன். ஒரு சொட்டை வெள்ளைப் பீங்கானில் வைத்து அயடீன் விட்டுப் பார்த்தால், மாச்சத்து மிஞ்சியிருந்தால் வருகிற நீலம் வரவில்லை, வேலை முடிந்திருந்தது. சாற்றில் எவ்வளவு சீனி இருக்கிறது என்று அளக்கும் ஹைட்ரோமீற்றர் 1.044 காட்டியது, 1.050 எதிர்பார்த்திருந்தேன்.

1841இல் அன்டன் ட்ரேஹர் என்ற பியர் காய்ச்சுபவர் வியன்னாவுக்குப் பக்கத்தில் இந்த மோல்ட்டில் போட்டது லாகர் வகைப் பியர். அதற்குக் குளிர் வேண்டும், என் குசினியில் 31 பாகை. ஆகவே நோர்வேயின் க்வைக் ஈஸ்ட். 30க்கு மேல் சந்தோஷமாக வேலை செய்கிற சாமான், கொழும்புக்கென்றே செய்தது போல. நாலு நாளில் நுரை அடங்கிவிட்டது, ஒரு கிழமை விட்டுப் பார்த்தபோது 1.011. கணக்குப்படி 4.3 வீதம் மதுசாரம். 90 கிராம் சீனியோடு போத்தலில் அடைத்து மூன்று கிழமை வைத்தேன்.

இனி ருசி. திறந்ததும் ரோஸ் பாணின் கருகாத பொன்னிறக் கரை வாசம், அதன் பின்னால் கொஞ்சம் தேன். இனிப்பு என்று சொல்ல முடியாது, வாயில் ஒரு நிறைவு, முடிவில் உலர்ந்து போகிறது. பேல் மோல்ட்டில் பியருக்குக் கசப்பும் வாசமும் தரும் ஹொப்ஸ் பூதான் பேசும், இதில் தானியம் பேசுகிறது. அதனால் ஹொப்ஸைக் குறைத்துப் போட்டது நல்லதாய்ப் போயிற்று. கணவாய்ப் பிரட்டலோடு குடித்தபோது உறைப்பை அழகாகத் தணித்தது. கலங்கல் மட்டும் போகவேயில்லை, அது மில் அண்ணையின் உபயம். தொண்டையில் லேசாக மிளகாய் எரிகிறது என்று ஒரு நண்பன் சத்தியம் செய்கிறான், நான் மில் கதையைச் சொன்ன பிறகுதான் அவனுக்கு எரிந்தது.

பகல் வெயிலில் தாகத்துக்குக் குடிக்க இது சரிவராது, இரண்டாவது கிளாஸ் கனக்கிறது. மழை நாள் பின்னேரத்துக்குத் தாராளமாக ஐந்துக்கு நாலு கொடுப்பேன். மிச்சம் 1.5 கிலோவை ஈரம் படாமல் பால்மா டின்னில் அடைத்து வைத்திருக்கிறேன், அதை அம்மாவின் உரலில் நானே இடிப்பதாக இருக்கிறேன்.