ஏர் குஷன்: மூன்று வருடம் உட்கார்ந்து பார்த்தபின்

தென்னை மரத்திலிருந்து விழுந்து பதினொரு வருடம் ஆகிறது. முதுகெலும்பில் டி10 என்ற எலும்பு முறிவு, தொப்புளுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது, வீல்சேர்தான். அம்பாசமுத்திரத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை போன் சரிசெய்ய முடியும் என்பது கையை விட, பிட்டத்துத் தோல் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைப் பொறுத்தது.

முதலில் ஒரு மெடிக்கல் கடையில், நடுவில் ஓட்டை வைத்த வட்டக் காற்றுத் தலையணையைக் கொடுத்தார்கள். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். ஓட்டையைச் சுற்றியுள்ள சதையை அழுத்தி ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். எனக்குப் படுக்கைப் புண் வந்து நாலு மாதம் குப்புறக் கிடந்தேன். கடை பூட்டியே இருந்தது.

இப்போது இருப்பது ரப்பர் குமிழ்கள் வரிசையாக நிற்கும் ஏர் குஷன். குமிழ்கள் அடியில் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், அசைந்தால் காற்று பக்கத்துக் குமிழுக்கு நகரும், எலும்பு துருத்தும் இடத்தில் பாரம் குவியாது.

காற்றின் அளவில்தான் எல்லாமே இருக்கிறது. கூடினால் பந்தின் மேல் உட்கார்ந்தது போல ஆடும். குறைந்தால் எலும்பு தரை தட்டும். ஏறி உட்கார்ந்ததும் கீழே கையை விட்டுப் பார்க்க வேண்டும். எலும்புக்கும் குஷனின் அடிப்பாகத்துக்கும் நடுவே அரை முதல் ஒரு அங்குலம் இருந்தால் சரி. தினமும் காலையில் என் மனைவி பார்த்துச் சொல்வாள். கொடைக்கானல் போனபோது காற்று விரிந்து குஷன் விறைத்துவிட்டது. கொஞ்சம் திறந்துவிட்டேன், மலை இறங்கியதும் மறக்காமல் திரும்ப அடித்தேன்.

குறைகளும் உண்டு. கட்டிலுக்கு மாறும்போது அமுங்குகிறது, கை ஊன்றப் பிடிமானம் இல்லை. சித்திரை வெயிலில் வியர்க்கிறது, ஈரத்தோல் சீக்கிரம் புண்ணாகும் என்பதால் மதியம் உறையை மாற்றுகிறேன். ஒருமுறை ஸ்க்ரூடிரைவர் முனை பட்டு பஞ்சர் ஆனது.

குஷன் இருக்கிறதே என்று, கை ஊன்றிப் பிட்டத்தைத் தூக்கி எழும்புவதை விட்டுவிடக் கூடாது. கால் மணிக்கொரு தரம் எழும்பவும், ராத்திரி கண்ணாடி வைத்துத் தோலைப் பார்க்கவும் வேலூர் பாகாயம் மறுவாழ்வு மையத்தில் கற்றேன். 1966-இல் அந்த மையத்தைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ், தானே விபத்தில் கால்கள் செயலிழந்து, வீல்சேரில் இருந்தபடி அறுவை சிகிச்சை செய்தவர்.

முன்பு ரெண்டு மணி நேரத்தில் படுக்கப் போய்விடுவேன். இப்போது மதியம் ஒரு மணி நேரம் போக, பத்திலிருந்து ஆறு வரை கடை திறந்திருக்கிறது. பழைய ஃபோம் மெத்தையைத் தூக்கிப் போடவில்லை. பஞ்சர் ஆகும் நாளுக்கு அது வேண்டும்.