காலிமுகத்திடல் வெயிலுக்கு 42,000 ரூபா வாங்கினார்கள், கவனம்!

"சூரிய ஒளி ஏற்கனவே உடம்புக்குள் சென்றுவிட்டதால் பணத்தைத் திருப்பித் தர வழியில்லை." இன்று காலை வட்ஸ்அப்பில் வந்த பதில் இது. 42,000 ரூபா போன கோபத்தோடே எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் போடவில்லை. வெள்ளவத்தைப் பக்கம் மாடி அறையில், பேஸ்புக் விளம்பரத்தை நம்பி ஓடும் 'இயற்கை நலவாழ்வு' வகைக் கடை. அம்மாவுக்கு இரத்தப் பரிசோதனையில் விற்றமின் டி குறைவு என்று வந்திருந்தது. டொக்டர் மாத்திரை தந்திருந்தார். அந்த நேரம் பார்த்து இவர்களின் விளம்பரம் அம்மாவின் கண்ணில் பட்டது: 'கொழும்பில் எல்லா வெயிலும் ஒன்றல்ல.'

உள்ளே பெரிய வரைபடம் மாட்டியிருந்தது. விகாரமகாதேவிப் பூங்காவுக்குச் சிவப்பு வட்டம், மரங்கள் நல்ல கதிரை உறிஞ்சிவிடுமாம். சுதந்திர சதுக்கத்துக்கும் சிவப்பு, மண்டபத்துத் தூண்கள் கதிரைச் சிதறடிக்குமாம். காலிமுகத்திடலுக்கு மட்டும் பச்சை. உப்புக்காற்று கதிரை ஏழு மடங்கு பெருக்குமாம்! காலை 6.15 முதல் 6.45 வரை, செப்புத் தகட்டின்மேல் வெறுங்காலோடு, கடலைப் பார்த்து நிற்க வேண்டும். துண்டுப்பிரசுரத்தில் 1903இல் நோபல் பரிசு வாங்கிய டென்மார்க் மருத்துவர் ஃபின்சனின் படம் வேறு. அவர் ஆர்க் விளக்கின் ஒளியைக் குவித்துத் தோல் காசநோய்க்கு வைத்தியம் பார்த்தவர். அவருக்கும் செப்புத் தகட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஆனால் அம்மா நம்பியது படத்தை இல்லை, அங்கே வேலை செய்த தம்பியை. ஒரு பின்னேரம் எங்களைத் திடலுக்கே கூட்டிக்கொண்டு போனான். "அம்மா, களைச்சுப் போனீங்களோ?" என்று கேட்டு இஸ்ஸோ வடை வாங்கிக் கொடுத்தான். காசு கொடுக்கப் போனால் வாங்க மாட்டேன் என்றான். அப்புறம் பையிலிருந்து துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை எடுத்துப் புல்லுக்கு நேரே பிடித்தான், 28 என்று காட்டியது. நடைபாதைச் சீமெந்துக்குப் பிடித்தான், 36. "பாருங்கோ அம்மா, கதிர் அடர்த்தி." அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அங்கேயே நின்று போனில் 42,000 ரூபாவை அனுப்பினோம். அந்தக் கருவி வேறொன்றுமில்லை, கொரோனா நேரம் கடை வாசலில் நெற்றிக்குப் பிடித்தார்களே, அந்த அகச்சிவப்பு வெப்பமானி. பகல் முழுக்கக் காய்ந்த சீமெந்து புல்லைவிடச் சூடாகத்தான் இருக்கும்.

திடல் மேற்கே பார்த்த இடம். காலை ஆறேகாலுக்குச் சூரியன் ஹோட்டல் கட்டடங்களுக்குப் பின்னால் நிற்கும். அம்மா நின்றது நிழலில். தவிர, விற்றமின் டி உண்டாக வேண்டிய புறஊதா பி கதிர், சூரியன் தாழ இருக்கும்போது காற்றுமண்டலத்தை நெடுந்தூரம் கடந்து வரவேண்டும், பெரும்பகுதியை ஓசோன் உறிஞ்சிவிடும். டொக்டர் இதைச் சொல்லிவிட்டு, அதற்காக உச்சி வெயிலில் போய் நிற்காதீர்கள் என்றும் சொன்னார். கொழும்பில் நண்பகலில் புறஊதாச் சுட்டெண் 11ஐத் தாண்டுவது சாதாரணம், உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் அதுவே ஆக ஆபத்தான வகை.

மறுபடி இரத்தம் சோதித்தால் அதே குறைவு. கேட்டால் முதலில் மேகமூட்டம் என்றார்கள். பிறகு அம்மா செருப்போடு திடலுக்கு வந்ததால் கதிர் நிலத்துக்கு இறங்கிவிட்டதாம். பிறகு கணக்குப் பார்ப்பவர் லீவாம். பிறகு அந்தத் தம்பி இப்போது அங்கே வேலை இல்லையாம். போனில் அதைச் சொன்ன குரலே அவனுடையதுதான்! 42,000 ரூபா, யாரும் இலவசமாகப் போய் நிற்கக்கூடிய திடலில் நிற்பதற்கு.

என்ன செய்யலாம் என்று விபரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: இடத்திலேயே நின்று காசு அனுப்பாதீர்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள், எங்களுக்குத் தந்தது 'நன்கொடை' என்று எழுதிய துண்டு. டொக்டரின் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். நுகர்வோர் அதிகார சபையின் இலக்கம் 1977, நான் நாளைக் காலை அடிக்கிறேன். அதே வரைபடத்தைப் பார்த்துக் காசு கட்டியவர்கள் இருந்தால் நீங்களும் அடியுங்கள்.