பயணத்துக்கு முந்தைய மருத்துவ ஆலோசனை: ஃப்ளூ பரவலுக்கு அஞ்ச வேண்டுமா?

பருவகால ஃப்ளூ பரவுகிறது என்ற செய்தியைக் கேட்டதும் பயணத்தையே கைவிடலாமா என்று தயங்குவோருக்கு, பயணத்துக்கு முந்தைய மருத்துவ ஆலோசனை மிகவும் பயனுள்ள சேவை என்றே கருதுகிறேன். நான் இந்த ஆலோசனைக்குச் சென்றபோது மருத்துவர் முதலில் கேட்டது, எந்த மாதத்தில் செல்கிறீர்கள் என்பதைத்தான். வட அரைக்கோளத்தில் பெரும்பாலும் அக்டோபர் முதல் மே வரையிலும், தென் அரைக்கோளத்தில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலும் பரவும் இந்நோய், வெப்பமண்டல நாடுகளில் ஆண்டு முழுவதும் தலைகாட்டக்கூடும் என்பதால், புறப்படும் இடத்தில் பருவம் முடிந்துவிட்டது என்ற நிம்மதி போய்ச்சேரும் இடத்துக்குப் பொருந்தாது.

தடுப்பூசி போட்டபின் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ 2 வாரங்கள் ஆகும். கடைசி நாளில் ஓடிச்சென்று போட்டுக்கொள்வது புறப்படும்போது காப்பளிக்காது. தடுப்பூசி நோயை முற்றிலும் தடுக்காது, நோய் வரும் வாய்ப்பையும் அது தீவிரமடையும் வாய்ப்பையும் குறைக்கும் என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார். இந்த நேர்மைக்காகவே இச்சேவையை மதிக்கிறேன்.

நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்கள் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கர்ப்பிணிகள், முதியோர், சிறு குழந்தைகள், ஆஸ்துமா, நீரிழிவு, இதயநோய் உள்ளவர்கள் ஆகியோரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கினால் கூடுதல் பலன் கிடைக்கும் என்பதால், செல்லுமிடத்தில் மருத்துவரை அணுகும் வழியை அவர்கள் முன்கூட்டியே அறிந்திருப்பது அவசியம்.

ஒரு குறையும் உண்டு. புறப்படும் நாளில் நமக்கே காய்ச்சல் வந்தால் சக பயணிகளின் நலன் கருதிப் பயணத்தை ஒத்திவைப்பது பற்றி அங்கே ஒரு சொல்கூடப் பேசப்படவில்லை.