மலைநாட்டு வீட்டுக்கு எந்தக் குழந்தைக் கதிரை பொருந்தும்?

குழந்தைக்குத் திட உணவு கொடுக்கத் தொடங்கும் காலத்தில் உயரக் கதிரை ஒன்று வாங்கலாமா, வாங்குவதானால் எதை வாங்குவது என்று ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்து இளம் பெற்றோர் பலர் இப்போது விசாரிக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் பண்டாரவளையில் வாழும் என் அக்காவின் வீட்டிலுமாக மூன்று வகைக் கதிரைகள் புழங்கியிருக்கின்றன. அவற்றைப் பார்த்த அளவில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் மலைக் காலநிலைக்கும், எங்கள் வீடுகளின் தரைக்கும் இடவசதிக்கும், துணியோ பஞ்சோ இல்லாத, தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடிய, கால்கள் அகல விரிந்த, பிள்ளையின் பாதம் பதிய ஒரு பலகை உள்ள கதிரையே ஏற்றது. கடையில் முன்வரிசையில் நிற்கும், விலை கூடிய, மெத்தை வைத்த கதிரை அழகாக இருந்தாலும் எங்களுக்குப் பொருந்துவதில்லை.

இப்படியொரு கதிரை வேண்டுமா என்ற கேள்வியே எங்கள் வீட்டில் முதலில் எழுந்தது. "மடி இருக்கையிலே பிள்ளைய எதுக்குக் கூண்டுல போடுறீங்க?" என்று அம்மாயி கேட்டார். அவருடைய கேள்வியில் நியாயம் இருந்தது. மடியில் வைத்து ஊட்டுவதில் உள்ள அன்பையும் பொறுமையையும் எந்தக் கதிரையும் ஈடு செய்யாது. ஆனால் ஊட்டுபவரின் ஒரு கை பிள்ளையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளை பக்கவாட்டில் சாய்ந்தபடியே விழுங்கும். ஊட்டுபவரின் முகம் அதற்கு நேரே தெரியாது. தரையில் பாய் விரித்து உட்கார வைப்பதென்றால், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காலை வேளையில் சீமெந்துத் தரை எப்படிக் குளிரும் என்பது அங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து, மற்றவர்கள் உண்பதைப் பார்த்து, தானும் கையால் எடுத்து உண்ணப் பழகுவதற்கு உயரக் கதிரை உண்மையாகவே உதவுகிறது. இதைச் சில வாரங்களில் கண்ணால் பார்த்த பிறகு அம்மாயியே பிள்ளையை அதில் உட்கார வைத்துப் பட்டியைப் பூட்டத் தொடங்கினார்.

எப்போது உட்கார வைப்பது என்பதில் அவசரம் கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன் பின் தாய்ப்பாலோடு துணை உணவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர் சொல்வதும் அதுவே. ஆனால் மாதக் கணக்கு மட்டும் போதாது. தலை தள்ளாடாமல் நிற்க வேண்டும். சிறிதளவு தாங்கல் கொடுத்தால் முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். வாயில் வைத்ததை நாக்கு வெளியே தள்ளாமலிருக்க வேண்டும். இவை வராத பிள்ளையைக் கதிரையில் வைத்து, இரு பக்கமும் துவாயைச் சுருட்டித் திணித்து நிமிர்த்துவதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு இன்னும் சில வாரம் மடியே நல்லது.

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது கண்டியில் ஒரு தளபாடக் கடையில் வாங்கிய, மடிக்கக்கூடிய, மெத்தை வைத்த கதிரை. சாய்மானத்தைப் பின்னால் இறக்கலாம், உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம், அடியில் சில்லுகளும் உண்டு. இத்தனை வசதிகளில் உணவு வேளைக்குப் பயன்பட்டது உயரத்தை மாற்றும் வசதி ஒன்றுதான். சாய்ந்த நிலையில் பிள்ளைக்கு உணவு கொடுக்கவே கூடாது. தொண்டையில் அடைக்கும் ஆபத்து அப்போது கூடுகிறது. ஆகவே சாய்மானத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது உணவூட்டும் நோக்கத்துக்கு வீண். சில்லுகளோ, சற்றே சரிந்த எங்கள் சமையலறைத் தரையில், பூட்டுப் போட்டிருந்தாலும் பிள்ளை உதைக்கும்போது நகரப் பார்த்தன.

அதைவிடப் பெரிய குறை ஈரம். ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் ஆகிய மேற்குச் சரிவுகளில் மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை; பண்டாரவளை அடங்கிய ஊவாப் பக்கத்தில் டிசம்பரிலிருந்து வடகீழ்ப் பருவமழை. இந்த மாதங்களில் பிள்ளையின் துணிகளையே அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் உலர்த்துகிறோம். பருப்பும் சோறும் மசித்த கரட்டும் மெத்தையின் தையல் வழியே உள்ளே இறங்கிவிடும். மேலுறையைக் கழற்றித் துவைத்தாலும், உள்ளே இருக்கும் ஸ்பொஞ் நாள்கணக்கில் காயாது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் தையலோரத்தில் கரும்புள்ளிகளாகப் பூஞ்சணம் பிடித்தது. துடைக்கத் துடைக்க அது திரும்பவும் வந்தது. பிள்ளை கன்னத்தை வைத்துச் சாயும் இடத்தில் பூஞ்சணம் இருப்பதை எந்தத் தாயாலும் பொறுக்க முடியாது. விற்றவர்களிடம் மாற்று உறை கேட்டபோது தனியாக வருவதில்லை என்றார்கள். மெத்தைக் கதிரையை விரும்பி வாங்குகிறவர்கள் கடையிலேயே மெத்தையைக் கழற்றிப் பார்த்து, அது இல்லாமலும் பிள்ளை உட்காரும் வகையில் வெறும் இருக்கை அமைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வகை, ஒரே வார்ப்பில் செய்த பிளாஸ்டிக் இருக்கையும் நான்கு உருக்குக் குழாய்க் கால்களும் கொண்டது. இக்கியா நிறுவனத்தின் அன்டிலோப் கதிரை உலகமெங்கும் பரப்பிய வடிவம் இது. அதே வடிவத்தில் வேறு பெயர்களிலும், பெயரே இல்லாமலும் இங்கே கிடைக்கிறது. அக்கா வாங்கியது பெயரில்லாத ஒன்று. இதில் மூட்டுகள் இல்லை, மடிப்புகள் இல்லை, உணவு ஒளிந்துகொள்ள இடமில்லை. உணவு முடிந்ததும் வெளியே தூக்கிச் சென்று குழாயடியில் வைத்துக் கழுவி, ஒரு துணியால் துடைத்தால் அடுத்த வேளைக்குத் தயார். ஒரு கையால் தூக்கக்கூடிய எடை. கால்களைக் கழற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே மட்டக்களப்பில் உள்ள உறவினர் வீடு வரை அக்கா கொண்டுபோயிருக்கிறார். தோட்டத்து வரிசை வீடான லயத்தின் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவிலேயே சமையலும் படுக்கையும் நடக்கும் குடும்பத்துக்குக் கால்களைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம் என்பது சிறிய வசதி அல்ல. அது இல்லையென்றால் அந்த வீட்டில் கதிரைக்கே இடமில்லை.

இவ்வகையின் முக்கியமான குறை, பாதம் பதியப் பலகை இல்லாததுதான். வாங்குகிறவர்கள் இதைப் பொருட்படுத்துவதே இல்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். காலடியில் ஒன்றுமில்லாமல் உயரமான திண்ணையில் உட்கார்ந்து ஒரு தட்டுச் சோறு உண்டு பார்த்தால் பெரியவர்களுக்கே விளங்கும். இடுப்பு நிலைகொள்ளாது, தொடை மரத்துப்போகும், உடல் எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடும். உடலைச் சமநிலையில் வைப்பதிலேயே பிள்ளையின் கவனமும் பலமும் செலவாகிவிட்டால், கைக்கும் தாடைக்கும் மிஞ்சுவது குறைவு. பாதம் ஊன்றி, முழங்காலும் இடுப்பும் ஏறத்தாழச் செங்கோணத்தில் மடிந்திருந்தால் பிள்ளை கூடுதல் நேரம் அமைதியாக உட்காரும், கீழே வழுக்காது, மெல்லுவதும் விழுங்குவதும் இலகுவாகும். சிணுங்கி எழும்பப் பார்க்கும் பிள்ளைக்கு உணவு பிடிக்கவில்லை என்றே நாங்கள் எண்ணிக்கொள்கிறோம். பல வேளைகளில் அதன் கால்தான் தொங்குகிறது. அக்கா தன் கதிரையின் முன்கால்கள் இரண்டுக்கும் இடையில் துளையிட்ட பலகை ஒன்றைக் கவ்வி கொண்டு இறுக்கமாகப் பொருத்தச் செய்தார். அன்றிலிருந்து பிள்ளை உண்ணும் நேரத்தில் தெரிந்த மாற்றத்தை வீட்டில் எல்லோரும் கவனித்தோம். கயிற்றால் கட்டிய பலகை இதற்கு உதவாது. அது சுழலும், பிள்ளையின் கால் இடையில் மாட்டும்.

பாதப் பலகையைக் கதிரையின் உயிராகவே வைத்து வடிவமைக்கப்பட்டது நோர்வேயின் ஸ்டொக்கே நிறுவனம் 1972இல் வெளியிட்ட டிரிப் டிராப் என்ற மரக்கதிரை. பீட்டர் ஒப்ஸ்விக் என்ற வடிவமைப்பாளர் அதன் பக்கச் சட்டங்களில் வரிசையாகக் காடிகள் வெட்டி, இருக்கைப் பலகையையும் பாதப் பலகையையும் பிள்ளை வளர வளர இறக்கி மாற்றும்படி செய்தார். அதன் விலை எங்கள் குடும்பங்களுக்கு எட்டாது. ஆனால் அதன் தத்துவம் விலைக்குரியதல்ல. எங்கள் வீட்டில் இப்போது இருக்கும் மூன்றாவது கதிரை, உள்ளூர் மரவேலை பாஸ் ஒருவர் பலா மரத்தில் செய்து தந்தது. பாதப் பலகையை மூன்று உயரங்களில் பூட்டும்படி துளைகள் வைத்துச் செய்தார். மூன்றில் என் மனதுக்கு மிகவும் நிறைவு தந்தது இதுதான்.

மரத்தில் செய்விக்கிறவர்கள் பாஸிடம் சில விடயங்களைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கால்கள் நேராக இறங்காமல் கீழே விரிய வேண்டும். தரையில் கால்கள் பிடிக்கும் அகலம் இருக்கையின் அகலத்தைவிடக் கூடுதலாக இருந்தால்தான் பிள்ளை ஒரு பக்கம் எட்டும்போது கதிரை கவிழாது. இருக்கையின் ஆழத்தைப் பிள்ளையை வைத்தே அளக்க வேண்டும்: முதுகு சாய்மானத்தில் பட்டிருக்கையில், இருக்கையின் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையே இரு விரல் இடைவெளி போதும். பாதப் பலகையின் தூரம் முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரையுள்ள நீளம். தட்டுப் பலகை முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும்; நெஞ்சு உயரத்துக்கு வைத்துவிட்டால் பிள்ளை கையைத் தூக்கியே களைத்துவிடும். றப்பர் மரம் மலிவு என்றாலும், பதப்படுத்தாத றப்பர் மரத்தில் பூஞ்சணமும் பூச்சியும் எளிதில் பிடிக்கும். தோட்டத்தில் வெட்டி நன்றாகக் காயாத சவுக்குப் பலகை பின்னர் வளைந்து, மூட்டு விட்டுவிடும். பல் முளைக்கும் பிள்ளை விளிம்பைக் கடிக்கும் என்பதால், பழைய பெயின்ற் மிச்சத்தைப் பூசச் சம்மதிக்கக் கூடாது. ஈயம் சேராதது என்று டின்னில் குறிப்பிட்ட பூச்சையே கேட்டு வாங்க வேண்டும்.

எந்த வகையானாலும் பட்டி இல்லாத கதிரையை வாங்க வேண்டாம். முன்னால் உள்ள தட்டு பிள்ளையைப் பிடித்துவைக்கும் என்று நம்புவது ஆபத்து. பிள்ளை அதன் கீழே வழுக்கி இறங்கும், அல்லது அதை உந்தி எழுந்து நிற்கும். கால்களுக்கு இடையே ஒரு தடுப்பும் இடுப்புப் பட்டியும் கட்டாயம். தோளையும் பிடிக்கும் ஐந்து முனைப் பட்டி இன்னும் நல்லது. இறக்குமதியான கதிரையில் ஈ.என். 14988 என்ற இலக்கம் அச்சிடப்பட்டிருந்தால், அது உயரக் கதிரைகளுக்கான ஐரோப்பியத் தரத்தைக் குறிக்கும். கதிரையை மேசைக்கும் சுவருக்கும் உதைத்துத் தள்ளும் தூரத்தில் வைக்கக் கூடாது. விறகடுப்பும், பிள்ளையின் கைக்கு எட்டும் சூடான தேநீர்க் கோப்பையும் எங்கள் சமையலறைகளில் எப்போதும் உள்ளவை. அவற்றிலிருந்து கதிரையைத் தள்ளி வைப்பது பட்டி பூட்டுவதைப் போலவே முக்கியம்.

பழைய லயங்களின் தரை எங்கேயும் ஒரே மட்டமாக இருப்பதில்லை. கடையின் மாபிள் தரையில் அசையாமல் நின்ற கதிரை வீட்டில் ஆடும். ஆகவே வாங்கும் முன் ஒரு காலின் கீழே அட்டைத் துண்டொன்றை வைத்து, இருக்கையின் விளிம்பைப் பக்கவாட்டில் அழுத்திப் பார்க்க வேண்டும். கால் நுனியில் றப்பர் மூடி உள்ள கதிரையானால் குட்டையான காலுக்கு இன்னொரு றப்பர் வைத்துச் சரிசெய்யலாம். இணையத்தில் வாங்கும்போது இந்தச் சோதனைக்கு வாய்ப்பில்லை. குறைந்தது திருப்பி அனுப்பும் வசதி உள்ளதா என்று பார்த்து வாங்குவது நல்லது. மடிக்கும் கதிரையானால், மடிப்புப் பூட்டு விழும் சத்தம் கேட்கிறதா என்றும், மூட்டில் விரல் நசுங்கும் இடைவெளி உள்ளதா என்றும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சொந்தக்காரர் வீட்டிலிருந்து பழைய கதிரை கிடைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். அதை மறுக்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் இருக்கையில் கால் பொருந்தும் மூலைகளை வெளிச்சத்தில் பிடித்து வெடிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும்; குழாய்க் கால்களின் உட்புறத்தில் துரு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். பட்டி நைந்திருந்தாலோ பக்கிள் தானாகக் கழன்றாலோ, பைகள் தைக்கும் கடையில் அதே அகலமுள்ள நைலோன் பட்டியும் புதிய பக்கிளும் போட்டுத் தரச் சொல்லலாம். அதுவரை அந்தக் கதிரையில் பிள்ளையை உட்கார வைக்க வேண்டாம்.