முயலுக்குப் பெல்லட்டா, பசுந்தழையா? ஒரு செலவுக் கணக்கு

பத்து இருபது தாய்முயல் வைத்திருப்பவருக்குச் செலவில் பெரும்பங்கு தீவனம்தான். பொதுவாக 60 முதல் 70 சதவீதம். மூட்டையில் வரும் குச்சித் தீவனமான பெல்லட்டா, தழைக்கட்டா என்பதிலேயே லாப நட்டம் பாதி முடிவாகிவிடும்.

பெல்லட்டின் பலம் வேகம். நியூசிலாந்து வெள்ளை போன்ற இறைச்சி இனக் குட்டி, 10–12 வாரத்தில் 2 கிலோவைத் தொடும். ஆனால் தாயும் கிடாவும் தின்பதையும் சேர்த்தால், ஒரு கிலோ உயிர் எடைக்குச் சுமார் 4 கிலோ தீவனம் போகிறது. அறுத்தால் கிடைப்பது உயிர் எடையில் பாதிக்குச் சற்று மேல். ஆக, ஒரு கிலோ கறிக்கு ஏழெட்டுக் கிலோ பெல்லட். கறி விலை தீவன விலையைப்போல் எட்டு மடங்கைத் தாண்டாத இடத்தில் முழுப் பெல்லட்டில் வளர்ப்பவர் தீவனக் கடைக்காரருக்குத்தான் உழைக்கிறார். பிராய்லர் கோழி அந்த 4 கிலோவில் பாதிக்கும் குறைவான தீவனத்தில் ஒரு கிலோ உயிர் எடை ஏறிவிடும். அதனோடு மூட்டைத் தீவனத்தை வைத்துப் போட்டி போடுவது வீண்.

தழையில்தான் முயல் கோழியை முந்துகிறது. தழையைப் பெருங்குடல் பையில் நொதிக்கவைத்து, இளகிய புழுக்கையாக்கி, அதையே மறுபடி தின்று புரதத்தை மீட்டுக்கொள்ளும் பிராணி அது. குதிரைமசால், மல்பெரி, முருங்கைத் தழை எல்லாம் தோதானவை. ஆனால் பச்சைத்தழையில் முக்கால் பங்கு தண்ணீர். 2 கிலோ முயலுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ வரை வேண்டும். முப்பது உருப்படிக்குத் தினமும் 15 கிலோ அறுத்துச் சுமக்கவேண்டும், மழையிலும்தான். வீட்டு ஆள்தானே என்று அந்தக் கூலியை எழுதாமல் விடுவதால்தான் தழை இலவசம் போலத் தெரிகிறது. விற்பனை எடைக்கு நான்கைந்து மாதம் பிடிக்கும். அதற்குள் அதே கூண்டில் பெல்லட் குட்டிகள் இரண்டு அணி வளர்ந்து போயிருக்கும். ஈரத்தழை வயிற்றை உப்ப வைக்கும் என்பதால் வாடவைக்கும் வேலை வேறு.

நான் பிரித்துப் போடச் சொல்வேன். பாலூட்டும் தாய்க்குப் பெல்லட்டில் கை வைக்கக் கூடாது. முயல் பாலில் பசும்பாலைவிட மூன்று மடங்குக்கு மேல் புரதம். வெறும் தழையைத் தின்று அவ்வளவையும் சுரக்க அதன் வயிற்றில் இடம் போதாது. சினை பிடித்ததிலிருந்து பால்மறப்பு வரை ஒரு தாய் தோராயமாக 15 கிலோ பெல்லட் தின்னும். ஏழு குட்டி தேறினால் தலைக்கு 2 கிலோ சொச்சம், நான்குதான் தேறினால் கிட்டத்தட்ட 4 கிலோ. தாய்க்குக் குறைத்து மிச்சம் பிடிப்பது குட்டிச் சாவில் திரும்பி வரும்.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் வளரும் குட்டி. பால்மறந்த கையோடு தீவனத்தை மாற்றினால் கழிச்சல் வரும். இரண்டு வாரம் கழித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பெல்லட்டைப் பாதியாக்கித் தழையைக் கூட்டலாம். சொந்தத் தழைக்கு நிலமில்லாதவர், உயிர் எடையில் வியாபாரிக்குக் கொடுக்காமல் கறியாக நேரடியாக விற்க வாடிக்கையாளர் இருந்தால் மட்டும் முழுப் பெல்லட்டில் இறங்கலாம்.