பெல்ட் அறுந்த சாகா: மாட்டி அடித்துப் பார்ப்பதா, காற்றுவிட்டுப் பார்ப்பதா, பொத்தோங் இஞ்சினா?

மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் போகும் ரோட்டில், இரண்டு பக்கமும் செம்பனையாக நிற்கிற இடத்தில், என் புரோட்டான் சாகா பிஎல்எம் கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிட்டது. பெரிய சத்தம் ஒன்றுமில்லை. சாவியைத் திருப்பினால் ஸ்டார்டர் நன்றாகச் சுற்றியது, வழக்கத்தைவிட வேகமாக, இழுவையே இல்லாமல் ‘விர்ர்’ என்று. அந்தச் சத்தத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி போன காரில் ஸ்டார்டர் முனகும், டைமிங் பெல்ட் (பிஸ்டனோடு ஒத்து வால்வுகளை அசைய வைக்கும் பெல்ட்) போன காரில் லேசாகப் பறக்கும், ஏனென்றால் வால்வுகள் அசையாமல் நிற்க, பிஸ்டன் அமுக்குவதற்குக் காற்று சரியாக மாட்டுவதில்லை.

எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, ஒருவரை ஒரே ஒரு நொடி ஸ்டார்ட் அடிக்கச் சொல்லி உள்ளே பார்த்தால், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் அசைகிறதா என்று தெரிந்துவிடும். ஆனால் அதைவிட டைமிங் கவரின் மேல்பாகத்தைக் கழற்றி நேராகப் பெல்ட்டையே பார்ப்பது நல்லது, ஸ்டார்டரைத் தொட வேண்டியதில்லை. வெளியே தெரிகிற ஆல்டர்னேட்டர் பெல்ட் மட்டும் அறுந்திருந்தால் கார் உடனே நிற்காது. பேட்டரி விளக்கு எரியும், கொஞ்ச தூரம் ஓடும், அப்புறம்தான் படுக்கும்.

வண்டியை இழுத்துக்கொண்டு டவுனுக்கு வந்ததும் மூன்று யோசனைகள் கிடைத்தன. எங்கள் பக்கத்து ஃபோர்மேன் (மெக்கானிக்) அண்ணன், “பெல்ட்ட போட்டு ஒரு தடவ அடிச்சுப் பாப்போம் தம்பி, ஓடுனா ஓடட்டும்” என்றார். மச்சான், பொத்தோங் கடையில், அதாவது பழைய கார்களை அறுத்துப் பாகங்கள் விற்கும் கடையில், முழு இஞ்சினே வாங்கிப் போடச் சொன்னார். ஈப்போவில் வேலை செய்யும் இன்னொரு ஃபோர்மேன், எதையும் மாட்டுவதற்கு முன்னால் சிலிண்டருக்குள் காற்றுவிட்டுப் பார்க்கச் சொன்னார். நான் செய்தது மூன்றாவது. மறுபடி அறுந்தாலும் அதையேதான் செய்வேன்.

பொத்தோங் இஞ்சினைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். பிஸ்டனே உடைந்துபோன காருக்கு அதுதான் வழி, மறுக்கவில்லை. ஆனால் இஞ்சின் எண் கிராண்டில் (வண்டியின் உரிமைப் பத்திரத்தில்) இருக்கிறது. மாற்றினால் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) பதிய வேண்டும், அதற்குப் பரிசோதனை உண்டு. பதியாமல் விட்டால் விற்கும் நாளில் பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனையில் எண்ணைப் பார்ப்பார்கள், அங்கே மாட்டிக்கொள்ளும். அதோடு, வந்து சேரும் இஞ்சினில் இருக்கிற பெல்ட்டும் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாருக்கும் தெரியாத பெல்ட், அதையும் மாற்றித்தான் ஆக வேண்டும். மச்சான் தன் காருக்கு மாற்றியபோது கூட நின்று பார்த்திருக்கிறேன், இதில் என் அனுபவம் அவ்வளவுதான்.

சரி, பெல்ட்டை மாட்டி அடித்துப் பார்ப்பது. இது எல்லாக் காருக்கும் தவறில்லை. பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் ஒன்றையொன்று எட்டாத மாதிரி செய்யப்பட்ட இஞ்சின்கள் உண்டு, அவற்றில் புது பெல்ட் போட்டால் பெரும்பாலும் அப்படியே ஓடும். சாகா பிஎல்எம்மில் இருக்கும் கேம்ப்ரோ இஞ்சின் அந்த வகை இல்லை. 2004-இல் ஜென்-2 காரோடு வந்த குடும்பம் அது, 16 வால்வு, பெல்ட் போனால் பிஸ்டன் மேலே வரும்போது திறந்து நிற்கிற வால்வை இடித்துவிடும். (முதல் தலைமுறை மைவி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அதன் 1.3 இஞ்சினில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி.)

அண்ணன் சொன்னதில் எனக்கு இருந்த பயம் பெல்ட் காசு வீணாகும் என்பதல்ல. வால்வு லேசாக மட்டும் வளைந்திருந்தால் இஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடும்! மூன்று காலில் ஓடுவதுபோல் தடதடவென்று ஓடும், பிளக் கோளாறோ, கம்பி கோளாறோ என்று நாம் தேடிக்கொண்டிருப்போம். அதற்குள் வளைந்த வால்வின் தலை முறிந்து சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டன், ஹெட் (வால்வுகள் இருக்கும் மேல்பாகம்) எல்லாம் போய்விடும். அதாவது, ஹெட்டை மட்டும் கழற்றிச் செய்யும் டாப் ஓவர்ஹாலோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, ஓட்டிப் பார்த்ததனாலேயே பொத்தோங் கடையில் போய் நிற்கும். கம்ப்ரஷன் மீட்டர் வைத்து அளப்பதிலும் இதே சிக்கல்தான், பெல்ட்டை மாட்டி ஸ்டார்டரைச் சுற்றினால்தான் அந்த மீட்டர் வேலை செய்யும்.

காற்றுவிட்டுப் பார்ப்பதற்கு ஸ்டார்டரே வேண்டாம், பெல்ட்டும் வேண்டாம். நான் இந்தப் பக்கம் சாய்ந்ததற்கு இந்த ஒரு காரணம் போதும்.

செய்முறை இப்படி. நான்கு பிளக்கையும் கழற்றி, ஓட்டைகளில் ஆளுக்கொரு நீளமான ஸ்ட்ராவை விட்டு, நான்கு பிஸ்டனும் ஒரே ஆழத்துக்கு வரும்வரை கிராங்க் (பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் தண்டு) போல்ட்டை ஸ்பேனரால் கையாலேயே மெதுவாகத் திருப்புவார்கள். எங்காவது தடுத்தால் அழுத்தக் கூடாது, எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். பிஸ்டன்கள் எல்லாம் நடுவில் நின்றுவிட்டால் எந்த வால்வாலும் அவற்றை எட்ட முடியாது, அப்புறம் கேம்களைப் பயமில்லாமல் திருப்பலாம். முதல் சிலிண்டரின் வால்வுகள் மூடுகிற நிலைக்குக் கேமைக் கொண்டுவந்து, பிளக் ஓட்டை வழியாக கம்ப்ரஸர் காற்றைச் செலுத்துவது, காது கொடுத்துக் கேட்பது, அடுத்த சிலிண்டர். பிஸ்டன் நடுவில் நிற்பதால் காற்று அதைத் தள்ளப் பார்க்கும், அதனால் ஐந்தாம் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, குறைந்த அழுத்தத்தில்தான் தொடங்கினோம். என்னுடையது மேனுவல் கியர். ஆட்டோ கியரில் இப்படி நிறுத்த முடியாது, கிராங்க்கை வேறு விதமாகப் பிடிக்க வேண்டும், அதை நான் செய்து பார்த்ததில்லை.

கேட்பதில்தான் விஷயமே இருக்கிறது. திராட்டில் (காற்று உள்ளே போகும் வாய்) பக்கம் ‘உஸ்’ என்றால் இன்டேக் வால்வு, புகைக்குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, எண்ணெய் மூடியில் வந்தால் பிஸ்டன் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். ரிங் வழியாகக் கொஞ்சம் கசிவது நல்ல இஞ்சினிலும் உண்டு, அதற்குப் பதற வேண்டாம். வளைந்த வால்வு பெரும்பாலும் கொஞ்சமாகக் கசியாது, உள்ளே போன காற்று நிற்கவே நிற்காது.

என் காரில் முதல் சிலிண்டர் மட்டும் காற்றைப் பிடித்தது. இரண்டு, மூன்று, நான்கு மூன்றிலும் திராட்டிலில் சீறியது, மூன்றாவதில் புகைக்குழாயிலும். ஹெட்டைக் கழற்றியபோது ஐந்து இன்டேக் வால்வும் இரண்டு எக்ஸாஸ்ட் வால்வும் வளைந்திருந்தன, பிஸ்டன் தலையில் நகத்தால் கீறியதுபோல் சின்னத் தழும்புகள், அவ்வளவுதான். அதைப் பார்த்தபோது உண்மையில் கண் கலங்கியது, அந்தக் காரில்தான் அப்பாவை வாரம் தவறாமல் ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன். ஹெட்டை மெஷின் ஷாப்புக்கு அனுப்புவதற்கு முன்பே எத்தனை சிலிண்டரில் கோளாறு, கீழ்ப்பாகம் நல்லதா என்று தெரிந்திருந்ததால், செலவு எவ்வளவு வரும் என்று உட்கார்ந்து பேசி முடிவெடுக்க முடிந்தது.

இந்த வழியிலும் குறை இருக்கிறது. சின்ன ஊர்களில் எல்லா ஒர்க்‌ஷாப்பும் இதைச் செய்வதில்லை, கேட்டால் நேரம் வீண் என்பார்கள். எங்களுக்குப் பிளக் கழற்றியதிலிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. இன்னொன்று, வால்வு வாயில் கரி சிக்கியிருந்தாலும் கசியும், அதனால் ஒரே ஒரு சிலிண்டரில் லேசாகச் சீறினால் வால்வை மெதுவாகத் தட்டிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

வால்வு, ஸ்டெம் சீல், கேஸ்கெட், ஹெட் போல்ட், பெல்ட், டென்ஷனர் எல்லாம் புதிதாகப் போட்டு மாட்டிய பிறகு, ஃபோர்மேன் சாவியைத் தொடவில்லை. கிராங்க்கை ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டு, பெல்ட் சரியாக மாட்டியிருக்கிறதா என்று காட்டும் மார்க்கைப் பார்த்தார். ஒரு பல் தள்ளி இருந்தது. பெல்ட்டைக் கழற்றித் திரும்ப மாட்டி, மறுபடி இரண்டு சுற்று, இந்த முறை மார்க் சரியாக வந்து நின்றது. அதற்குப் பிறகுதான் என்னிடம் சாவியைக் கொடுத்தார். முதல் அடியிலேயே பிடித்துக்கொண்டது.